பட்டம் எங்கேயோ, பணமும் அங்கேதான்

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் மாதம். நண்பர் ஒருவரின் மகள் அமெரிக்காவில் பொதுச் சுகாதாரத்தில் முதுநிலை படித்துக்கொண்டிருந்தாள். கிரீன் கார்டு உண்டு, மதிப்பெண்ணுக்கும் குறைவில்லை. அம்மாவுக்கு அறுவை சிகிச்சை ஆகியிருந்ததால், அந்தக் கோடைக்கு மட்டும் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த வேறொரு பல்கலைக்கழகத்தில் விசிட்டிங் மாணவியாகச் சேர்ந்தாள். இரண்டு பாடம், ஆறு கிரெடிட் (பாட அலகு). மத்திய அரசின் மாணவர் உதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் குறியீட்டு எண்ணையும் சேர்த்தாள். சேர்த்தாயிற்று என்று மின்னஞ்சலும் வந்தது. கடன் தானாக வந்துவிடும் என்று இருந்தாள். வந்தது பில்தான். கெடு தாண்டியதும் அவள் கணக்கில் ‘ஹோல்ட்’, அதாவது தடை, விழுந்தது. நிதியுதவி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாள். “நீங்கள் எங்கள் மாணவி இல்லையே” என்றார்கள்.

கழுத்தில் அவர்கள் கொடுத்த அடையாள அட்டை தொங்குகிறது. காலையில்தான் அவர்களுடைய வகுப்பில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள். வாசலிலிருந்தே எனக்கு போன் செய்தாள். பேசவே முடியவில்லை அவளால்.

அவர்கள் அதைச் சொன்ன விதம் எனக்கு இன்னும் வருத்தம்தான். ஆனால் சொன்னது விதிப்படி சரி. அந்த விதியை யாராவது அவளுக்கு மார்ச் மாதமே விளக்கியிருந்தால் ஜூனில் அந்த நிலை வந்திருக்காது.

அமெரிக்க மத்திய அரசின் மாணவர் உதவி பெரும்பாலும் 1965-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தின் நான்காம் பகுதியிலிருந்து வருகிறது. அந்த ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், டெக்சஸில் சான் மார்க்கோஸ் ஊரில் தான் படித்த கல்லூரிக்கே போய் அதில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தின் கீழ் பணம் பெற, நீங்கள் ‘ரெகுலர் மாணவர்’ ஆக இருக்க வேண்டும். நன்றாகப் படிப்பவர் என்றோ, முழு நேரம் படிப்பவர் என்றோ அதற்குப் பொருள் இல்லை. எந்தக் கல்வி நிறுவனத்தில் படிக்கிறீர்களோ, அதே நிறுவனம் தரும் பட்டத்தையோ சான்றிதழையோ பெறுவதற்காகச் சேர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். விசிட்டிங் மாணவர் என்ன செய்கிறார்? வந்த இடத்தில் பாடம் படிக்கிறார், பட்டம் வாங்கப்போவது வேறு இடத்தில். அதனால் வந்த இடத்துக்கு அவர் பட்டம் நாடாத மாணவர். அந்தப் பல்கலைக்கழகம் மனம் இரங்கினாலும் மத்திய அரசின் பணத்தை அவருக்குக் கொடுக்க முடியாது. கொடுத்தால் தணிக்கையில் மாட்டும்.

உதவியை மாணவருக்குத் தருவதாகத்தான் நாம் பேசுகிறோம். உண்மையில் அது ஒரு பட்டப்படிப்போடு கட்டப்பட்டிருக்கிறது. பணம் எங்கிருந்து வரும், எங்கே வராது என்ற குழப்பங்களில் பாதி, ‘இந்தப் பட்டத்தை எனக்குத் தரப்போவது யார்?’ என்ற ஒரே கேள்வியில் தெளிந்துவிடும்.

முதுநிலைக்கு முயற்சி செய்யும் முன் ‘நாலு பாடம் எடுத்துப் பார்க்கலாம்’ என்று சேர்கிறவர்களைப் பாருங்கள். பட்டத்தில் சேராததால் உதவி இல்லை. ஆனால் விதிக்கு விலக்கு உண்டு. ஒரு முதுநிலைப் படிப்பு உங்களைச் சேர்த்துக்கொள்ள இன்னின்ன பாடங்கள் முடித்திருக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டால், அந்தத் தயாரிப்புப் பாடங்களுக்காகத் தொடர்ச்சியான 12 மாதங்களுக்கு, ஒரே ஒரு முறை, மத்தியக் கடன் வாங்கலாம். வரம்பு இளங்கலை மாணவருக்கு உள்ளதுதான். மாநில ஆசிரியர் சான்றிதழுக்காகப் படிக்கிறவர்களுக்கும் தனி வழி இருக்கிறது. அறிவை வளர்த்துக்கொள்ள, மதிப்பெண்ணை ஏற்றிக்கொள்ள என்று எடுக்கிற பாடங்களுக்கு மட்டும் கதவு மூடித்தான் இருக்கும்.

அடுத்து, யார் கேட்கலாம் என்பது. குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், அகதியாக ஏற்கப்பட்டவர்கள், அடைக்கலம் வழங்கப்பட்டவர்கள் கேட்கலாம். கடைசி இரண்டு வகையிலும் நம் ஈழத்துக் குடும்பங்கள் இருக்கின்றன. கிரீன் கார்டு கைக்கு வரும்வரை ஃபாஃப்சா போடக்கூடாது என்று தவறாக நினைத்து ஓரிரு வருடங்களை இழந்தவர்களை எனக்குத் தெரியும். அடைக்கலம் வழங்கப்பட்ட ஆவணமே போதும். மனு நிலுவையில் இருந்தால்தான் போதாது. எஃப்-1, ஜே-1 விசாவில் படிக்க வந்தவர்களுக்கும், பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4-இல் இருக்கும் பிள்ளைகளுக்கும் மத்திய உதவி கிடையாது. பத்து வருடம் இங்கேயே பள்ளி படித்த எச்-4 பிள்ளைக்கும் கிடையாது. அதைப் பெற்றோருக்குச் சொல்லும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

சரி, தகுதி இருக்கிறது, பட்டப்படிப்பிலும் சேர்ந்தாயிற்று. முதுநிலை மாணவருக்கு என்ன கிடைக்கும்? இங்கேதான் பலருக்கு அதிர்ச்சி. இளங்கலையில் பழகிய உதவிகள் பெரும்பாலும் அந்தப் பட்டத்தோடு முடிந்துவிடுகின்றன. ஆண்டுக்கு 7,395 டாலர் வரை போகும் பெல் மானியம், இளங்கலைப் பட்டம் பெற்றவருக்கு ஏறக்குறைய கிடையாது. படிக்கும் காலத்து வட்டியை அரசே கட்டிவந்த சலுகைக் கடன், முதுநிலை மாணவர்களுக்கு 2012 ஜூலை 1-உடன் நின்றுபோனது. குறைந்த வட்டி பெர்க்கின்ஸ் கடன் 2017-இல் எல்லாருக்குமே முடிந்தது. மிச்சம் இருப்பது வேலை-படிப்புத் திட்டம், பற்றாக்குறைப் பாடங்களில் ஆசிரியராகப் போகிறவர்களுக்கான டீச் மானியம், அப்புறம் கடன். பெரும்பங்கு கடன்தான். ‘நிதியுதவிக் கடிதம் வந்துவிட்டது’ என்று வீட்டில் இனிப்பு வழங்கும் முன், அந்தக் கடிதத்தில் எந்த வரி மானியம், எந்த வரி கடன் என்று பிரித்துப் பாருங்கள். இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு மொத்தத் தொகையைக் கீழே எழுதும் பழக்கம் பல இடங்களில் உண்டு.

அந்தக் கடனைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்ப்போம். சலுகையில்லாத நேரடிக் கடன், ஆண்டுக்கு 20,500 டாலர். இரண்டு செமஸ்டருக்கும் பாதிப்பாதியாக, 10,250 வீதம் வரும். கையில் வருவதற்கு முன்பே 1.057 சதவீதக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்வார்கள், ஒவ்வொரு தவணையிலும் சுமார் 108 டாலர். ஆனால் நீங்கள் திருப்பிக் கட்ட வேண்டியது முழு 10,250. வட்டி, பணம் வந்த நாளிலிருந்தே ஓடும். 2025-26 கல்வியாண்டில் வாங்கிய கடனுக்கு 7.94 சதவீதம். 20,500-க்கு ஒரு முழு ஆண்டு வட்டி 1,627 டாலருக்குச் சற்று மேல். வகுப்பில் நீங்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும்போதும் அது நாளொன்றுக்கு நாலரை டாலர் ஏறிக்கொண்டே இருக்கும். அதே ஆண்டு இளங்கலை மாணவருக்கு 6.39 சதவீதம்தான். மே மாதத்தில் நடக்கும் பத்தாண்டுக் கருவூலப் பத்திர ஏலத்தின் விகிதத்தோடு இளங்கலைக்கு 2.05, முதுநிலைக்கு 3.6 என்று கூட்டச் சொல்கிறது சட்டம். வித்தியாசம் அங்கிருந்துதான் வருகிறது.

ஒரு நல்ல செய்தி. முதுநிலையில் சேர்ந்தவுடன், வயது எதுவானாலும், பெற்றோர் வீட்டிலேயே இருந்தாலும், ஃபாஃப்சாவில் நீங்கள் ‘சுயேச்சை’ மாணவர். அப்பா அம்மாவின் வருமானத்தைக் கேட்க மாட்டார்கள். ஆனால் மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளில் சில கல்லூரிகள் தங்கள் சொந்த மானியத்துக்காகப் பெற்றோர் விவரத்தைத் தனியாகக் கேட்கும். அதைக் கொடுக்காமல் விட்டால் மத்தியக் கடனுக்கு ஒன்றும் ஆகாது. கல்லூரியின் மானியத்தைத்தான் இழப்பீர்கள். முப்பது வயது ஆளிடம் அப்பாவின் வரி அறிக்கையைக் கேட்கிறார்களே என்று கோபப்பட்டு அந்தப் பக்கத்தை வெறுமையாக விடாதீர்கள்.

இப்போது அந்தப் பெண்ணின் பிரச்சினைக்கு வருவோம். அதற்கு வழி இருந்தது. பட்டம் தரும் தாய்ப் பல்கலைக்கழகமும், பாடம் தரும் பல்கலைக்கழகமும் செய்துகொள்ளும் ‘கன்சார்ட்டியம் ஒப்பந்தம்’. பெயர் பெரிதாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம், பெரும்பாலும் ஒன்றிரண்டு பக்கப் படிவம்தான். மேலே மாணவர் எழுத வேண்டியது: பாடங்களின் குறியீடு, தலைப்பு, கிரெடிட், தொடங்கும் தேதி, முடியும் தேதி. அதற்குக் கீழே துறையின் ஆலோசகர் கையெழுத்து, ‘இந்தப் பாடங்கள் இவருடைய பட்டத்துக்குக் கணக்கில் வரும்’ என்று. என் அனுபவத்தில் அந்தக் கையெழுத்துதான் உயிர்நாடி. பாடம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பட்டத்துக்குக் கணக்கில் வராவிட்டால் அதற்குப் பணம் இல்லை. மூன்றாவது பகுதியைப் பாடம் தரும் பல்கலைக்கழகம் நிரப்பும்: எவ்வளவு கட்டணம், மாணவர் பதிவு செய்திருக்கிறாரா, தாங்கள் இவருக்கு உதவி எதுவும் வழங்க மாட்டோம் என்ற உறுதி. ஒரே காலத்துக்கு இரண்டு இடத்தில் பணம் போகக் கூடாது என்பதற்காகத்தான் அந்த உறுதி. கடைசியில் தாய்ப் பல்கலைக்கழகம் கையெழுத்திட்டு, வெளியே படிக்கும் ஆறு கிரெடிட்டையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டு பணத்தை விடுவிக்கும்.

சேர்த்துக்கொள்வது ஏன் முக்கியம் என்றால், கடனுக்குக் குறைந்தது அரை நேர மாணவராக இருக்க வேண்டும். இங்கே மூன்று, அங்கே மூன்று என்று படிப்பவர், தனித்தனியாகப் பார்த்தால் எங்கேயும் தேறாமல் போகலாம். ஒப்பந்தம் இருந்தால் இரண்டையும் கூட்டிப் பார்ப்பார்கள். முதுநிலைக்கு அரை நேரம் என்பது எத்தனை கிரெடிட் என்று அந்தந்தப் பல்கலைக்கழகமே முடிவு செய்கிறது. ஆய்வேடு எழுதும் கட்டத்தில் ஒரு கிரெடிட்டையே முழு நேரமாக ஏற்கும் இடங்களும் உண்டு. அதனால் நண்பருடைய பல்கலைக்கழகத்தில் உள்ள எண்ணை உங்களுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும் ஒரு இடைவெளி இருக்கிறது. பணம் முதலில் தாய்ப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்குத்தான் வரும். அங்கே உள்ள பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியை உங்கள் வங்கிக்கு அனுப்புவார்கள். அதிலிருந்து நீங்கள்தான் மற்ற பல்கலைக்கழகத்துக்குக் கட்ட வேண்டும். மத்தியக் கடனைப் பாடக்காலம் தொடங்குவதற்குப் பத்து நாளுக்கு முன்னால் விடுவிக்கவே முடியாது. மற்ற பல்கலைக்கழகத்தின் கெடுவோ பல நேரம் அதற்கும் முன்னாலேயே முடிந்துவிடும். நடுவில் உள்ள அந்த இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாமதக் கட்டணமும் ஹோல்டும். கையெழுத்தான ஒப்பந்தத்தையும் நிதியுதவிக் கடிதத்தையும் கட்டணப் பிரிவில் காட்டி, கெடுவைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். நிதியுதவி அலுவலகத்தில் கேட்பதைவிடக் கட்டணப் பிரிவில் கேட்பதுதான் பலன் தருகிறது.

படிப்பு முடிந்ததும் மதிப்பெண் பட்டியலை உடனே தாய்ப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வையுங்கள். எடுத்த கிரெடிட்டில் எவ்வளவு முடித்தீர்கள் என்று பார்க்கும் ‘திருப்திகரமான முன்னேற்றம்’ என்ற கணக்கு ஒன்று உண்டு. பட்டியல் வராவிட்டால் அந்த ஆறு கிரெடிட்டும் முடிக்காதவையாகத் தெரியக்கூடும். அடுத்த செமஸ்டரின் கடனே நிற்கும்.

வெளிநாட்டிலிருந்து விசாவில் வந்தவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அவர்களுடைய நிதியுதவி துறையிலிருந்து வருகிறது. டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர் வேலை), ஆர்.ஏ. (ஆய்வு உதவியாளர் வேலை), ஃபெலோஷிப் (உதவித்தொகை). நல்ல பிஎச்.டி. இடங்களில் டியூஷன் தள்ளுபடி, மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு மூன்றும் சேர்ந்தே வரும். முதுநிலையோடு முடியும் படிப்புகளில் இது அரிது. பல பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருக்கும் ‘ஏப்ரல் 15 தீர்மானம்’ என்று ஒன்று இருக்கிறது. நிதியுதவியோடு வரும் அழைப்புக்கு அந்தத் தேதிக்கு முன் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. மார்ச் முதல் வாரத்தில் அவசரப்படுத்தும் மின்னஞ்சல் வந்தால், அந்தப் பல்கலைக்கழகம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மரியாதையாக அந்தத் தேதியை நினைவூட்டலாம்.

பட்டம் எங்கே, பணம் அங்கே என்ற கணக்கு இங்கேயும் விடுவதில்லை. டி.ஏ. வேலையோடு வரும் டியூஷன் தள்ளுபடி, வேலை கொடுத்த பல்கலைக்கழகத்தின் கிரெடிட்டுக்கு மட்டும்தான். ஒரு செமஸ்டர் வேறிடத்துப் பேராசிரியரிடம் போய் வருகிறேன் என்றால் அந்த பில்லை அது கட்டாது, டி.ஏ. வேலையையும் தொலைவிலிருந்து செய்ய முடியாது. அதனால்தான் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் தனி ஏற்பாடு வைத்திருக்கின்றன. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட், எம்.ஐ.டி., பெர்க்லி போன்றவை சேர்ந்த எக்ஸ்சேஞ்ச் ஸ்காலர் திட்டத்தில், பிஎச்.டி. மாணவர் ஒருவர் ஒரு கல்வியாண்டுக்கு மிகாமல் இன்னொரு பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். பதிவும் கட்டணமும் தாய்ப் பல்கலைக்கழகத்திலேயே நடக்கும். அப்படி ஒரு ஏற்பாட்டுக்குள் போக முடிந்தால் அதற்குள்ளேயே போங்கள். தனியாக விசிட்டிங் மாணவராகப் போவதைவிடப் பல மடங்கு மலிவு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருந்து, ஜே-1 விசாவில் பட்டம் நாடாத மாணவராக இங்கே வருகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். குடும்பச் சேமிப்பை மட்டும் காட்டி அந்த விசாவில் வர முடியாது. செலவில் கணிசமான பங்கு அரசு, பல்கலைக்கழகம், உதவித்தொகை என வெளியிலிருந்து வர வேண்டும்.

நண்பரின் மகளுக்குக் கடைசியில் ஒப்பந்தம் கையெழுத்தாகி ஜூலை நடுவில் பணம் வந்தது. வந்தது கிராட் பிளஸ் என்ற இன்னொரு மத்தியக் கடன். ஏனென்றால் அவளுடைய 20,500 டாலர் இலையுதிர், வசந்த செமஸ்டர்களிலேயே தீர்ந்துவிட்டிருந்தது. இது அவளுக்கு மட்டும் நடந்ததல்ல. முதுநிலை மாணவர்களில் பலர் ஆண்டு வரம்பை இரண்டு செமஸ்டரில் முடித்துவிட்டுத்தான் கோடைக்குள் வருகிறார்கள். விசிட்டிங் மாணவராகப் படிக்கத் தோதான காலம் கோடை. கடன் வரம்பு தீர்ந்துபோயிருப்பதும் கோடையில்தான். அந்த ஓட்டையை அடைத்தது கிராட் பிளஸ். மொத்தச் செலவில் மற்ற உதவி போக மீதி எவ்வளவோ, அவ்வளவும் கொடுக்கும். வருமானம் கேட்காது. கடன் வரலாற்றில் பெரிய கறை இல்லாமல் இருந்தால் போதும். வட்டியும் கட்டணமும் அதிகம்தான், ஆனால் அவசரத்துக்குக் கை கொடுத்தது.

2006 ஜூலை 1-இல் தொடங்கிய அந்தக் கடனை, 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டம் சரியாக இருபது ஆண்டில் முடிக்கிறது. 2026 ஜூலை 1 முதல் புதிதாக யாரும் கிராட் பிளஸ் வாங்க முடியாது. ஏற்கெனவே அந்தப் படிப்பில் இருந்துகொண்டு அதற்குமுன் மத்தியக் கடன் வாங்கியவர்களுக்கு மட்டும், மூன்று கல்வியாண்டு அல்லது படிப்பின் மீதிக் காலம், இரண்டில் எது குறைவோ அதுவரை விலக்கு. புதியவர்களுக்கு முதுநிலையில் ஆண்டுக்கு 20,500, மொத்தம் 1,00,000 டாலர். ‘தொழில்முறை’ பட்டங்களுக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000. எது தொழில்முறைப் பட்டம் என்பதில் 2025 நவம்பரில் கல்வித் துறையின் விதிக் குழு ஒப்புக்கொண்ட வரைவில் மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், சட்டம் எல்லாம் இருந்தன, நர்சிங் இல்லை. செவிலியர் அமைப்புகள் கொதித்ததில் வியப்பில்லை. மயக்க மருந்து கொடுக்கும் செவிலியராவதற்கான படிப்பின் செலவு தெரிந்தவர்களுக்கு அந்தக் கோபம் புரியும்.

இந்தச் செய்தியெல்லாம் பத்திரிகைகளில் வந்தது. அதே சட்டத்தில், முழு நேரத்துக்குக் குறைவாகப் படித்தால் ஆண்டு வரம்பும் அந்த விகிதத்தில் குறையும் என்ற ஏற்பாடும் இருக்கிறது. முன்பு அரை நேரம் படித்தாலே 20,500 முழுவதையும் கேட்கலாம். வீட்டு வேலை, குழந்தை, உடல்நிலை என்று ஒரு பாடத்தைக் குறைத்துக்கொள்கிறவர்களை இது நேராகத் தாக்கும். அவர்கள்தான் கோடையில் வேறிடத்தில் ஒரு பாடம் எடுத்து ஈடுகட்டப் பார்ப்பவர்களும்.

நண்பரின் மகள் இடத்தில், 2026 ஜூலை 1-க்குப் பிறகு புதிதாகச் சேர்ந்த ஒருத்தி இருந்தால், கன்சார்ட்டியம் படிவத்தில் எல்லாக் கையெழுத்தும் வாங்கிய பிறகும் கொடுக்கப் பணம் இருக்காது. மீதி தனியார் வங்கிக் கடன். அதற்கு வருமானமும் கடன் மதிப்பெண்ணும் வேண்டும், பலருக்குக் கூடவே கையெழுத்திட ஒருவரும் வேண்டும். தவிர்க்க ஒரே வழி, கோடைக்கான பங்கை முதலிலேயே ஒதுக்கிவைப்பது. நிதியுதவிக் கடிதம் வரும்போது இரண்டு செமஸ்டருக்கு 10,250 வீதம் என்று தானாகப் பிரித்திருப்பார்கள். அதை அப்படியே ஏற்காமல் ஒவ்வொன்றிலும் 8,000 மட்டும் எடுத்தால், கோடைக்கு 4,500 மிஞ்சும். ஆனால் கோடையை எந்தக் கல்வியாண்டின் வால் என்று கணக்கில் வைக்கிறார்கள் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். சில இடங்களில் கோடைதான் அடுத்த ஆண்டின் தலை, அங்கே புது வரம்பு திறந்துவிடும், அந்தப் பணம் அடுத்த வசந்தத்தில் குறையும். ஆகஸ்ட் மாதம் தாய்ப் பல்கலைக்கழகத்தின் நிதியுதவி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, “கோடை உங்களுக்குத் தலையா, வாலா?” என்று கேளுங்கள். அந்த அலுவலகங்களில் இருப்பவர்களும் இதை அப்படித்தான் சொல்கிறார்கள். உடனே புரிந்துகொள்வார்கள்.